மாலையைத் தின்ற குதிரை

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. என் மகன் அந்தப் பெட்டைக்குதிரையை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்தில் கால்நடை மருத்துவர் இதைச் சொன்னார். ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, இன்றைக்கு ரேஷன் கடை லீவு என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

"நாய் கக்கிடும், பூனை கக்கிடும். குதிரைக்கு அது கெடையாதுங்க. உள்ள போனது போனதுதான். எதுல வாய வெக்குதுன்னு மட்டும் பாத்துக்கங்க."

மகன் தலையை ஆட்டினான். அவனுக்கு அது ஒரு தகவல். எனக்கு அன்றைக்கே தூக்கம் குறைந்துவிட்டது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது புரியும். தவறி ஒன்றை விழுங்கிய உயிருக்கு அதை வெளியே தள்ள ஒரு வழி இருக்கிறது என்பதுதான் நமக்குள்ள தைரியம். காய்ச்சல் காலங்களில் என் மகன் மருந்தை என் மேலேயே கக்கியிருக்கிறான். கக்கிவிட்டால் மனம் கொஞ்சம் லேசாகும். இந்தப் பிராணிக்கு அந்த வழியே இல்லை என்றால் காவல் முழுவதையும் வாய்க்கு வெளியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது. யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

நான் பி.காம். படித்தவள். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகன். செராமிக் டிப்ளமோ முடித்துச் சூளை வேலைக்கும் கொஞ்ச காலம் போனான். ஆனால் அவன் மனம் ஒட்டியது கல்யாண ஊர்வலங்களில்தான். மாப்பிள்ளை ஏறி வரும் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்க யாராவது கூப்பிட்டால், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவான். திட்டக்குடிப் பக்கம் ஒருவர் தன் குதிரையைக் கொடுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். வரும்போது அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தான். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, உயரம் அதிகமில்லை. பெயர் எதுவும் வைக்கவில்லை. பாப்பா என்று கூப்பிடுவான்.

அன்று வீடியோ காலில் அவன் அத்தா திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

"ஆடு வாங்கியிருந்தா பக்ரீத்துக்காவது ஆவும். இத வச்சிக்கிட்டு இன்னாடா பண்ணப் போற?"

"கல்யாணத்துக்கு வுடுவேன் அத்தா."

"மொதல்ல உன் கல்யாணத்துக்கு வழியப் பாரு."

"அதுக்கும் குதிரை ரெடியாத்தான் இருக்குது."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் மேற்கொண்டு கோபப்பட முடியாது. அது மகனுக்கும் தெரியும்.

எங்கள் வீடு ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. பின்னால் ஒரு வாய்க்கால். அதன் இரு கரையிலும் நெய்வேலி காட்டாமணக்கு மண்டிக்கிடக்கும். ஊதாப் பூவும் அகன்ற இலையுமாகப் பார்க்க லட்சணமான செடி. வேலிக்கு நடுகிறார்கள், காய்ந்தால் அடுப்புக்கு எடுக்கிறார்கள். ஆடு அதைத் தின்று பழகிவிட்டால் தலை ஆடிக்கொண்டே இருந்து செத்துப்போகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் பிடுங்குவதில்லை. ஆள் வைத்து வெட்டினேன். வெட்டிப் போட்ட துண்டுகள் விழுந்த இடத்திலெல்லாம் வேர் விட்டன. மறுபடி பிடுங்கினேன். அதற்குள் ஊமத்தை வந்தது, எருக்கு வந்தது, ஆமணக்கு வந்தது. அலுவலகம் கிளம்புமுன் கருக்கரிவாளும் பழைய சாக்குமாகக் குதிரையின் ஷெட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தெரியாத செடி என்றால் போனில் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புவேன். பாவம், அவர் எல்லாவற்றுக்கும் பதில் போட்டார். ஒருமுறை மட்டும், "அம்மா, இது கீரை" என்று அனுப்பினார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் அரளிதான். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள யூனிட்டின் மதில் ஓரம் முழுக்க அரளி. ஆடு மாடு கடிக்காது என்பதற்காகவே வைத்த செடி. பச்சை இலை மட்டுமல்ல, காய்ந்து உதிர்ந்த இலையும் குதிரைக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆடி மாதத்துக் காற்றில் அந்தச் சருகெல்லாம் எங்கள் பக்கம்தான் வரும். யூனிட் முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஒரு குதிரைக்காக என் காம்பவுண்டையே மொட்டையடிக்கச் சொல்றீங்களாம்மா?" என்றார். ஆனாலும் எங்கள் பக்கம் சாய்ந்திருந்த கிளைகளை வெட்டச் சொன்னார். மதிலுக்கு மேல் பச்சை வலை கட்டினேன். எங்கள் யூனிட்டுப் பெண்கள் அதைக் கேள்விப்பட்டு, "பாயம்மா வூட்டுக்கு வரப்போற மருமவளுக்குக் கூட இவ்ளோ காவல் இருக்காதுடீ" என்று சிரித்தார்கள்.

அந்தப் பெண்களில் ஒரு அக்கா, அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பைத் தேய்த்துச் சீராக்குகிற வேலையில் இருக்கிறார். கருவேப்பிலங்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். அவர் வீட்டுக்காரர் அங்கே மண்பாண்டம் செய்கிறவர். ஊர் ஐயனாருக்கு நேர்ந்துகொள்பவர்களுக்கு மண்குதிரையும் செய்து கொடுப்பார். ஒருநாள் மதிய இடைவேளையில் அந்த அக்கா என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"பாயம்மா, ஒண்ணு கேப்பேன். இல்லன்னு சொல்லக்கூடாது."

"கேளுங்கக்கா."

"ஐயனாருக்கு குதிரை எடுக்குறோம். மண்ணு குதிரைங்க எல்லாம் வரிசையா வரும். அதுக்கு முன்னால உங்க வூட்டு குதிரை நடந்து வரணும். நெசக் குதிரை முன்னால வந்து எங்க ஊரு பாத்ததே இல்ல. எங்க வூட்டுக்காரரு ஆசப்படுறாரு."

நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "குதிரைக்கு இன்னா பாயம்மா, எங்க சாமி உங்க சாமின்னு? அது பாட்டுக்கு புல்லு திங்குது."

நான் தயங்கியது சாமிக்காக அல்ல. அந்த ஊர் வரைக்கும் வழியில் எத்தனை விதமான செடிகள் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குவைத்திலிருந்து ஒரே பேச்சு: "கூப்ட்டா போவணும். அவங்க வூட்டு பொங்கலத் தின்னவங்கதான நாம." மகனுக்கோ கேட்கவே வேண்டாம். நானும் கூட வருவேன் என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன்.

குதிரையைக் குட்டியானையில் ஏற்றிப் போனோம். குட்டியானை என்று இங்கே சொல்வது அந்தச் சின்ன சரக்கு வண்டியை. வீட்டுப் புல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொடியும் ஒரு மூட்டை, கேனில் வீட்டுத் தண்ணீர். அந்த ஊர்ப் புல்லைத் தின்ன விடுவதாக இல்லை.

காலை வெயிலிலேயே மேளம் தொடங்கிவிட்டது. மண்குதிரைகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூசியிருந்தார்கள். ஆட்கள் அவற்றைத் தோளில் தூக்கி வந்தார்கள். முன்னால் எங்கள் குதிரை. பிள்ளைகள் அதன் வாலுக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். வழியெல்லாம் நான் ஊர்வலத்தைப் பார்க்கவே இல்லை. சாலையோரத்தைத்தான் பார்த்தேன். குதிரை தலையைத் தாழ்த்தும் ஒவ்வொரு முறையும், "டேய், இழு" என்பேன். மகன் இழுப்பான். மேளச் சத்தத்தில் நின்று நிதானமாகப் புல் கொடுக்க ஒரு இடம் கிடைக்கவில்லை. கோயில் வந்து சேரும்வரை அது வெறும் வயிறு. நான்தான் அப்படி வைத்திருந்தேன்.

கோயிலில் மண்குதிரைகளை வரிசையாக இறக்கி வைத்தார்கள். பூசாரி கையில் மாலைகள் வந்தன. ஒவ்வொரு மண்குதிரையின் கழுத்திலும் ஒன்றைப் போட்டுக்கொண்டே வந்தவர், வரிசை முடிந்ததும் திரும்பி எங்கள் குதிரையின் கழுத்திலும் ஒன்றைப் போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது செவ்வரளி மாலை. நெருக்கிக் கட்டியது, நடுநடுவே மரிக்கொழுந்து.

மகன் என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. நான் கூட்டத்துக்குள் நுழைந்து அவன் பக்கத்தில் போனேன்.

"கழட்டுடா."

"எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாத்தா பாக்கட்டும்."

"இப்பக் கழட்டுனா எப்புடி இருக்கும்? துலுக்கப் பையன் சாமி மாலைய கழட்டி எறிஞ்சான்னு நாளைக்கி வராதா? நான் புடிச்சிருக்கேன். அது வாய வெக்காது. நீ அழுவாத."

நான் அழுததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, குதிரையின் தாடையைத் தன் தோளுக்கு மேலே தூக்கி நிறுத்தினான். பூசை முடிகிறவரை அப்படியே நின்றான். பார்த்தவர்கள், குதிரை எவ்வளவு கம்பீரமாக நிற்கிறது பார் என்று படம் எடுத்தார்கள். அதன் வாய் ஒரு பூவைக்கூடத் தொடவில்லை. அது சத்தியம்.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்த பிறகு, வண்டிப் பக்கம் ஒதுங்கி மாலையைக் கழற்றினான். கழற்றியவனுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையில் போட்டால் கால் படும். சாக்கடையில் போட முடியாது. சாமிக்குப் போட்ட மாலையை அவர்கள் எங்கே சேர்ப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம். தர்காவிலிருந்து வந்த துணியை நாங்கள் கால்படும் இடத்தில் போடுவோமா? அந்த மரியாதையைத்தான் அவன் இதற்கும் கொடுத்தான். வண்டியின் ஓட்டுநர் அறைக்குப் பின்னால், சரக்குப் பகுதியின் முன்பக்கத்தில் ஒரு கம்பி இருக்கும். உயரமான இடம், யார் காலும் படாது. அதில் கட்டினான். "என் வண்டிக்கும் சாமி வந்துடுச்சு" என்று ஓட்டுநர் கும்பிட்டுக்கொண்டார்.

பிறகு குதிரையை ஏற்றினார்கள். எப்போதும் போல முகம் முன்பக்கம் பார்க்க, அதே கம்பியில் கட்டினார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போது தெரிகிறது. எங்களுக்குத் தெரியவில்லை. ஆபத்து முடிந்துவிட்டது என்ற நினைப்பில், பசித்திருந்த அதற்குப் புல் போடவும் மறந்திருந்தோம். மகன் பின்கதவோரம் புல் மூட்டையின் மேல் சாய்ந்து உட்கார்ந்தான். பூசை முழுக்கக் கையைத் தூக்கியே நின்றவன், வண்டி கிளம்புமுன் கண் அயர்ந்துவிட்டான். அங்கிருந்து பார்த்தால் குதிரையின் முதுகும் வாலும்தான் தெரியும். நான் முன்னால் ஓட்டுநர் அருகில் உட்கார்ந்து, அன்று முதல்முறையாகத் தண்ணீர் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து பின்கதவைத் திறந்தபோது கம்பியில் வாழைநார் தொங்கிக்கொண்டிருந்தது. நாரில் சில பூக்கள், வண்டித் தரையெங்கும் சிதறியவை. மகன் மேலே ஏறி, குதிரையின் கடைவாயில் விரலை விட்டு நாக்கை வெளியே இழுத்தான். நாக்கு முழுக்கச் சிவப்பு இதழ்.

பொழுது சாய்வதற்குள் மருத்துவர் வந்துவிட்டார். அதற்குள் குதிரைக்கு வியர்த்துக் கொட்டியது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்காலால் தரையைக் கீறியது. தெருவில் பாதிப் பேர் வேலியோரம் நின்றார்கள்.

"நடத்துங்கப்பா, நடத்துங்க! வவுத்து வலிக்கு நடத்துனா சரியாப்பூடும்!" என்று யாரோ கத்தினார்கள். மகனும் கயிற்றை அவிழ்த்தான். முன்பு ஒருமுறை வயிறு உப்பியபோது நடத்தித்தான் சரியானது.

"ஒரு அடி எடுத்து வெக்கக்கூடாது!" மருத்துவர் கேட் அருகிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "இது வயிறு இல்ல தம்பி, இதயம். நடந்தா அப்படியே வுழுந்துடும். கயித்தக் கட்டு."

நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நீண்ட நேரம் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது பிரசவ அறைக்கு வெளியே நிற்பதைப் போல இருந்தது.

"வுட்டு வுட்டு துடிக்குது. எவ்வளவு தின்னுச்சு?"

எங்கள் இருவருக்கும் தெரியாது. அது தெரிந்தால் நல்லது என்றார். மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி, விஷத்தை உறிஞ்சும் கரித்தூள் கரைசலை உள்ளே விட அவர் ஆயத்தம் செய்தபோது, மகன் வண்டிக்கு ஓடினான். சரக்குப் பகுதியில் சிதறிக்கிடந்த பூக்களையெல்லாம் சட்டையில் அள்ளிவந்து ஷெட்டின் வாசலில் கொட்டினான். நானும் உட்கார்ந்தேன். வாழைநாரை வட்டமாகத் தரையில் வைத்து, அதன் மேல் பூக்களை நெருக்கி அடுக்கினோம். காலையில் எவ்வளவு தடிமனாக இருந்தது என்று அவன் கையால் காட்டுவான்; நான் அடுக்குவேன். மிதிபட்டது, நசுங்கியது, பாதி கடித்தது எல்லாவற்றையும். எது இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த மாலையை மறுபடி செய்தோம். வட்டம் பாதிக்கு மேல் மூடியது. மீதி வெறும் நார்.

மருத்துவர் குனிந்து பார்த்தார். "சரி" என்றார். நல்ல சரியா, கெட்ட சரியா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைய இரவை எழுத எனக்குத் தெம்பில்லை. காலையில் குதிரை நின்றுகொண்டிருந்தது. காது ஜில்லென்று இருந்தது. தலை முழங்காலுக்குத் தொங்கியது. ஆனால் நின்றது. மகன் அதன் முன்னங்காலருகே தரையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே முகம். பொழைக்கும் என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை. ஹயாத்து இருந்தால், ஆயுசு கெட்டியாக இருந்தால், பார்ப்போம் என்று குவைத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. ஆடு வாங்கியிருக்கலாம் என்று சொன்ன அதே மனிதர்.

கணவரின் தம்பி அப்போதுதான் வந்தார். கடைவீதியில் கடை வைத்திருக்கிறார்.

"அண்ணி, இத சும்மா வுடக்கூடாது. வெசப் பூவப் பாத்துப் போட்டிருக்கானுங்க. வேணும்னேதான்."

நான் வாயைத் திறக்குமுன் தரையிலிருந்து மகனின் குரல் வந்தது.

"வண்டியில கட்டுனது நான் சாச்சா."

"நீ சும்மா இருடா."

"இருக்க மாட்டேன். அவங்க கழுத்துல போட்டாங்க, நான் வாய்க்கிட்ட கட்டுனேன். நீங்க கடையில ஒரு வார்த்த வுட்டீங்கன்னா பொழுது போறதுக்குள்ள ஊரு பூரா போயிடும். அதுக்கப்பறம் அத வெளிய எடுக்க முடியுமா? பாப்பா தின்னதையே எடுக்க முடியல."

அவன் குரல் உயரவே இல்லை. கொழுந்தனார் தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இவன் எப்போது இப்படிப் பேசக் கற்றான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே வாசலில் அந்த அக்காவின் குரல் கேட்டது. ஓட்டுநர் சொல்லித் தெரிந்திருக்கிறது. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

அக்கா ஷெட் பக்கம் வரவில்லை. முற்றத்திலேயே மண்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உசுரு இருக்குதா பாயம்மா?"

"இருக்குதுக்கா."

"எங்க வூட்ல ஆடு இருக்குது. அரளிப் பக்கம் நான் அத வுடுவனா? நானே அடிச்சி ஓட்டுவேன். இதுக்கு மட்டும் எப்புடி எங்க புத்தியில வராம போச்சு?" "மண்ணு குதிரைக்கு வரிசையா போட்டுக்கிட்டே வந்தமா, அதே கையோட அதுக்கும் போட்டுட்டோம். சாமி குதிரைன்னுதான் நெனச்சோம் பாயம்மா. வவுறு இருக்குதுன்னு நெனக்கவே இல்ல."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அவருக்கும் ஆளுக்குப் பாதி தெரிந்திருந்தது. குதிரைக்கு அரளி ஆகாது என்ற என் பாதியை நான் அழைப்பு வந்த அன்றே அவரிடம் சொல்லியிருக்கலாம். கோயிலுக்கு என்ன மாலை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சாலையோரச் செடிகளைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேட்டுக்கு வெளியே நின்ற மனிதர் மகனைப் பார்த்து, "தம்பி, நான் வந்து பாக்கலாமா?" என்றார். மகன் எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டான். அவர் குதிரைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தொடவில்லை. கொழுந்தனார் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு, "டீ வாங்கியாறேன், உக்காருங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். கடையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் இதற்குள் எங்களுக்கு வந்திருக்கும்.

குதிரை பிழைத்தது. பிழைத்தது என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். பிழைப்பதற்கு வாரக்கணக்கானது. முதலில் காது சூடானது. பிறகு ஒரு வாய் தண்ணீர். உள்ளே விட்ட கரி சாணியில் கறுப்பாக வந்தபோது மகன் அலுவலகத்துக்குப் போன் செய்து எனக்குச் சொன்னான், ரிசல்ட் வந்ததைச் சொல்வதைப் போல. துடிப்பு சீராகிவிட்டது, ஆனாலும் பாரம் ஏற்ற வேண்டாம், ஓட்ட வேண்டாம், கொஞ்ச நாள் கட்டுத்தறியிலேயே இருக்கட்டும் என்று மருத்துவர் சொன்னார். முகூர்த்த மாதம் வந்தது. கல்யாண வீட்டார் கேட்டு வந்தார்கள். மகன் திருப்பி அனுப்பினான்.

இதற்கிடையில் அவன் மாறிப்போனான். கொடுக்கிற புல்லை ஒவ்வொரு பிடியாகப் பிரித்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறான். யாராவது தலையில் பூ வைத்துக்கொண்டு ஷெட் பக்கம் வந்தால் எழுந்து நின்றுவிடுகிறான். என் கருக்கரிவாளையும் சாக்கையும் அவன் எடுத்துக்கொண்டான். காலையில் நான் எழுந்து பார்க்கும்போது வாய்க்கால் கரையில் அவன் குனிந்திருக்கிறான். அது கழுதை இல்லம்மா, அதுக்கே தெரியும் என்று என்னைக் கேலி செய்தவன். என் பிள்ளைக்குக் கொஞ்சம் பயம் வரட்டும் என்று எத்தனை தொழுகையில் கேட்டிருப்பேன். வந்துவிட்டது. அதைப் பார்க்கிறபோது எனக்கு அசதியாக இருக்கிறது. அவன் முதுகில் என் கூனல் ஏறியதைப் போல.

போன வாரம் மருத்துவர், "இனிமே வெளிய கூட்டிட்டுப் போலாம், சும்மா நடக்கட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் அதை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினோம். மணிமுத்தாற்றுப் பக்கம் போவதாகப் பேச்சு. அது மெலிந்திருந்தது, நடை மட்டும் பழைய நடை. தெருவைத் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. பெரிய சாலை வந்ததும் மகன் நின்றுவிட்டான்.

சாலையின் நடுவே, தடுப்பு நெடுக, கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை அரளி பூத்திருந்தது. ரோஸும் வெள்ளையும். தண்ணீர் லாரி வந்து அதற்குத் தண்ணீர் விட்டுப் போயிருந்தது. நாங்கள் அதைக் கடந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

"திரும்பிடலாம்மா" என்றான்.

கயிற்றைக் குட்டையாகப் பிடித்திருந்தான். கோயிலில் பிடித்த அதே பிடி. குதிரை தலையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். இந்த ஊரில் அரளி இல்லாத தெருவை நான் எங்கே போய்த் தேடுவேன்? திரும்பிவிடலாம் என்று சொல்ல என் வாய் துடித்தது. இத்தனை வருஷம் நான் அவனிடம் சொல்லி வந்ததெல்லாம் அதுதான். ஏறாதே, இறங்காதே, திரும்பி வா.

"கயித்த கொஞ்சம் தளத்து" என்றேன். "நான் அந்தப் பக்கமா வரேன். நீ இந்தப் பக்கம். கடந்துடலாம்."

"அம்மா..."

"வா, போவலாம்."

என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. அவன் அசையவில்லை. கயிறு மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. குதிரைதான் முதலில் காலை எடுத்து வைத்தது.